பெயர் ஒன்று, இலக்கு வேறு: தானியங்கி மென்பொருள் நிறுவலில் குறியீட்டு இணைப்புகளின் கோளாறுகள்

டெல்லியிலிருந்து இயக்கப்படும் பொதுச் சேவைகளில் பெரும்பகுதி இன்று மென்பொருளின் வழியாகவே மக்களை அடைகிறது. 1976-இல் தொடங்கப்பட்டு, இன்று லோதி சாலை சி.ஜி.ஓ. வளாகத்தைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள தேசிய தகவலியல் மையம் மத்திய அமைச்சகங்களின் இணையதளங்களையும் செயலிகளையும் பேணிவருகிறது. சாணக்கியபுரியில் உள்ள ரயில்வே தகவல் அமைப்புகள் மையம் 1986-இல் நிறுவப்பட்டது முதல் ரயில்வேக்குத் தேவையான மென்பொருள்களை உருவாக்கிப் பராமரிக்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தேர்வு முடிவுகளை வெளியிடும் நாளில் நாடெங்கும் உள்ள மாணவர்கள் ஒரே நேரத்தில் சில இணையதளங்களை நோக்கித் திரள்கிறார்கள். இத்தகைய சேவைகளை நிறுத்திவைத்துவிட்டுப் பழுதுபார்க்க இயலாது என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே மென்பொருளின் பழைய பதிப்பை அகற்றிப் புதிய பதிப்பை அமர்த்தும் முறை உலகெங்கும் வளர்ந்தது. மனிதர் ஒவ்வொரு கட்டளையாகத் தட்டச்சு செய்யாமல், முன்கூட்டியே எழுதிவைத்த நிரல் ஒன்று இந்த வேலை முழுவதையும் செய்து முடிப்பதைத் தானியங்கி நிறுவல் என்பர். தொழிலில் இருப்போர் இதை 'டிப்ளாய்மென்ட்' என்றே அழைக்கின்றனர்.

லினக்ஸ் சர்வர்களில் இந்தத் தானியங்கி நிறுவலின் கடைசிப் படி பெரும்பாலும் மிகச் சிறிய ஒன்றைச் சார்ந்திருக்கிறது. குறியீட்டு இணைப்பு என்றும், பேச்சு வழக்கில் 'சிம்லிங்க்' என்றும் குறிப்பிடப்படும் அந்தச் சிறு கோப்பு சரியான இடத்தைச் சுட்டினால் புதிய பதிப்பு நொடியில் மக்களுக்குக் கிடைக்கும். தவறான இடத்தைச் சுட்டினாலோ, எல்லாப் பணிகளும் வெற்றி என்று பதிவாகிய பின்னும் பழைய பதிப்பே தொடர்ந்து ஓடக்கூடும், சேவையே நின்றுபோகக்கூடும், சட்டப்படி காக்க வேண்டிய பதிவுகள் அழிந்துபோகவும் கூடும்.

இணைப்பு என்பது என்ன?

கோப்பு என்று பயனர் கருதுவதில் உண்மையில் இரண்டு கூறுகள் உள்ளன. வட்டில் எழுதப்பட்ட தரவும் அதன் உரிமையாளர், அளவு, அனுமதி ஆகிய விவரங்களும் ஒன்று. கோப்புறையில் அந்தத் தரவுக்கு இடப்பட்டிருக்கும் பெயர் மற்றொன்று. குறியீட்டு இணைப்பு என்பது தனக்கெனத் தரவு ஏதும் இல்லாத, மற்றொரு பாதையின் பெயரை மட்டும் தன்னுள் எழுதிவைத்திருக்கும் சிறப்புக் கோப்பாகும். கலைக்களஞ்சியத்தில் ஒரு தலைப்பின் கீழ்க் கட்டுரை எதுவும் இல்லாமல், 'காண்க' என்று வேறொரு தலைப்பின் பெயர் மட்டும் அச்சிடப்பட்டிருப்பதைப் போன்றது இது. அந்த வேறு தலைப்பைப் பதிப்பாசிரியர் பிற்பாடு நீக்கிவிட்டால், 'காண்க' என்ற குறிப்பு அப்படியே இருக்கும், தேடிச் செல்லும் வாசகர்தான் வெறுங்கையுடன் திரும்புவார்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 1983-இல் வெளிவந்த 4.2பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் பதிப்பின் மூலம் இந்த வசதி யூனிக்ஸ் உலகில் பரவியது. பின்னர் லினக்ஸ் அதை முழுமையாக ஏற்றுக்கொண்டது. இன்று எந்த லினக்ஸ் கணினியிலும், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவாக்கப்பட்ட பாஸ் இயங்குதளம் உட்பட, இத்தகைய இணைப்புகள் ஏராளமாகக் காணப்படுகின்றன. ஒரு நிரலகத்தின் பல பதிப்புகளில் எது நடப்பில் உள்ளது, கணினி தொடங்கும்போது எந்தெந்தச் சேவைகள் எழ வேண்டும், கடிகாரம் எந்த நாட்டின் நேரத்தைக் காட்ட வேண்டும் என்பன யாவும் இணைப்புகளாலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

இந்த வசதியின் வலிமையும் பலவீனமும் ஒரே இயல்பிலிருந்து பிறக்கின்றன. இணைப்பை உருவாக்கும்போது, அது சுட்டும் இலக்கு இருக்கிறதா என்று இயங்குதளம் பார்ப்பதில்லை. யாராவது அந்தப் பெயரைத் திறக்கும் கணத்தில்தான் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, உள்ளே எழுதியிருக்கும் பாதையைப் படித்து அங்கே செல்கிறது. ஆகவே இணைப்பைச் சார்ந்த ஒவ்வொரு கோளாறும் இறுதியில் மூன்று கேள்விகளில் வந்து முடிகிறது: அந்தப் பெயரைத் திறந்து பார்த்தது எந்த நிரல், எப்போது பார்த்தது, எந்த இடத்திலிருந்து பார்த்தது?

ஒரு வெளியீடு எவ்வாறு மாற்றப்படுகிறது?

2000-களின் நடுப்பகுதியில் ரூபி ஆன் ரெயில்ஸ் சமூகத்தில் ஜேமிஸ் பக் உருவாக்கிய கேப்பிஸ்ட்ரானோ என்னும் கருவி பரவலாக்கிய அமைப்பு, இன்று வெவ்வேறு மொழிகளுக்கான கருவிகளிலும் ஏறத்தாழ அதே வடிவில் தொடர்கிறது. அதன்படி சர்வரில் மூன்று பகுதிகள் இருக்கும். 'ரிலீஸஸ்' என்ற கோப்புறையில் ஒவ்வொரு வெளியீடும் அது நிறுவப்பட்ட தேதியையும் நேரத்தையும் பெயராகக் கொண்ட தனிக் கோப்புறையில் வைக்கப்படும். 'ஷேர்டு' என்ற கோப்புறையில் வெளியீடுகள் மாறினாலும் மாறக்கூடாதவை, அதாவது பயனர்கள் பதிவேற்றிய ஆவணங்கள், நிகழ்வுப் பதிவுகள், கடவுச்சொற்கள் அடங்கிய அமைப்புக் கோப்புகள் ஆகியவை இருக்கும். 'கரண்ட்' என்பது நடப்பு வெளியீட்டைச் சுட்டும் குறியீட்டு இணைப்பாக இருக்கும். இணைய சர்வர் எப்போதும் 'கரண்ட்' என்ற பெயரையே அறிந்திருக்கும்.

புதிய பதிப்பு வரும்போது அது தனிக் கோப்புறையில் முழுமையாக இறக்கப்பட்டு, தேவையான துணை நிரல்கள் நிறுவப்பட்டு, 'ஷேர்டு' கோப்புறைக்கான இணைப்புகள் அதனுள் அமைக்கப்பட்டு, எல்லாம் ஆயத்தமான பிறகே 'கரண்ட்' இணைப்பு அதன் பக்கம் திருப்பப்படும். பிழை தெரியவந்தால் அதே இணைப்பை முந்தைய கோப்புறைக்குத் திருப்பிவிட்டால் போதும். இறக்கிய கோப்புகளை மீண்டும் இறக்க வேண்டிய தேவை இல்லை. வட்டு நிறைந்துவிடாமல் இருக்கப் பழைய வெளியீடுகளைக் கருவியே நீக்கிவிடும். கேப்பிஸ்ட்ரானோ இயல்பாகக் கடைசி 5 வெளியீடுகளை மட்டும் வைத்துக்கொள்கிறது.

திருப்பும் கணத்தில் நேரும் பிழைகள்

இணைப்பைத் திருப்புவது ஒரே செயலாகத் தோன்றினாலும், பல நிரல்கள் அதை இரண்டு செயல்களாகவே நிறைவேற்றுகின்றன: முதலில் பழைய இணைப்பை அழித்து, அடுத்துப் புதியதை உருவாக்குகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய நேரத்தில் 'கரண்ட்' என்ற பெயரே இருக்காது. கூட்டமில்லாத தளத்தில் இதை எவரும் உணரமாட்டார்கள். ஆனால் தேர்வு முடிவு நாளில் நொடிக்கு 2,000 கோரிக்கைகள் வரும் ஒரு தளத்தில் அந்த இடைவெளி 5 மில்லிநொடி நீடித்தால் சராசரியாக 10 கோரிக்கைகள் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்ற பிழையைப் பெறும். மேலும், அந்த இடைவெளியிலேயே நிறுவல் நிரல் ஏதேனும் காரணத்தால் நின்றுபோனால் முழுத் தளமும் காணாமற்போகும்.

இதற்கு நெடுங்காலமாக அறியப்பட்ட தீர்வு உண்டு. புதிய இணைப்பைத் தற்காலிகப் பெயரில் உருவாக்கி, பின் அதைக் 'கரண்ட்' என்று பெயர் மாற்றம் செய்ய வேண்டும். ஏற்கெனவே உள்ள ஒரு பெயரின் மீது பெயர் மாற்றம் செய்யும்போது இடைவெளியே இல்லாமல் ஒரே அடியில் மாற்றித் தருவது கெர்னலின் பொறுப்பு என்பதால், எந்தக் கோரிக்கையும் பழைய பதிப்பையோ புதிய பதிப்பையோ காணுமே தவிர, வெறுமையைக் காணாது.

இரண்டாவது பிழை இதைவிட ஏமாற்றுவது. லினக்ஸில் இணைப்பை உருவாக்கும் 'எல்என்' என்ற கட்டளைக்குத் தரப்படும் பெயர் ஏற்கெனவே ஒரு கோப்புறையைச் சுட்டும் இணைப்பாக இருந்தால், அந்தக் கட்டளை இயல்பாக அந்த இணைப்பைப் பின்தொடர்ந்து சென்று, பழைய வெளியீட்டுக் கோப்புறையின் உள்ளே புதிய இணைப்பை உருவாக்கிவிடும். 'கரண்ட்' திரும்பவே இல்லை. ஆனால் கட்டளை தனக்கு இட்ட வேலையை முடித்துவிட்டதாகவே தெரிவிக்கும், தானியங்கி நிறுவலும் பச்சை நிறத்தில் வெற்றிக் குறி காட்டும். முதன்முறை நிறுவும்போது 'கரண்ட்' என்ற பெயரே இல்லாததால் எல்லாம் சரியாக நடந்திருக்கும். இரண்டாம் முறையிலிருந்துதான் கோளாறு தொடங்கும். எனவே சோதனைச் சர்வரை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கிச் சோதிக்கும் குழுவினர் இதைக் கண்டறிய வாய்ப்பே இல்லை. இலக்கு இணைப்பாக இருந்தால் அதைப் பின்தொடராமல் சாதாரணக் கோப்பாகக் கருத வேண்டும் என்ற விருப்பத்தைக் கட்டளையில் சேர்ப்பதும், திருப்பிய பின் இணைப்பு எதைச் சுட்டுகிறது என்று படித்துப் பார்ப்பதும் இதற்கான மருந்துகள். பழைய வெளியீட்டுக் கோப்புறைக்குள் புதிய வெளியீட்டின் தேதியைப் பெயராகக் கொண்ட இணைப்பு ஒன்று காணப்பட்டால், இந்தக் கோளாறு நேர்ந்ததற்கு அதுவே உறுதியான சான்று.

பழையதை நினைவில் வைத்திருக்கும் நிரல்கள்

இணைப்பு சரியாகத் திரும்பிய பின்னும் மக்கள் பழைய பக்கத்தையே காண்பது உண்டு. ஒவ்வொரு முறையும் பாதையைத் தேடிச் செல்வது நேரத்தை விழுங்கும் என்பதால், பல நிரல்கள் ஒருமுறை கண்ட விடையை நினைவில் வைத்துக்கொள்கின்றன. இந்தத் தற்காலிக நினைவைக் 'கேஷ்' என்பர். பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட தளங்களில், ஒரு பாதை உண்மையில் எந்தக் கோப்பைக் குறிக்கிறது என்ற விடை இயல்பாக 120 நொடிகள் வரை கேஷில் தங்குகிறது. ஒவ்வொரு வேலைச் செயலியும், அதாவது கோரிக்கைகளைப் பங்கிட்டுக்கொண்டு செயல்படும் நிரலின் ஒவ்வொரு பிரதியும், இந்த நினைவைத் தனித்தனியாக வைத்திருப்பதால், ஒரே பயனர் பக்கத்தை மீண்டும் மீண்டும் திறக்கும்போது ஒருமுறை புதியதும் மறுமுறை பழையதும் மாறி மாறி வரக்கூடும். என்ஜின்எக்ஸ் சர்வரில், பிஎச்பிக்கு 'கரண்ட்' என்ற பெயரை அனுப்பாமல், அது சுட்டும் உண்மைப் பாதையைக் கண்டறிந்து அனுப்புமாறு அமைத்துவிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் நீங்கும். ஏனெனில் புதிய வெளியீட்டின் பாதை முற்றிலும் புதியது, அதற்குப் பழைய விடை எதுவும் கேஷில் இருக்காது.

நீண்ட நேரம் ஓடும் நிரல்களின் நிலை வேறு. மின்னஞ்சல் அனுப்புதல், குறுஞ்செய்தி அனுப்புதல் போன்ற வேலைகளை வரிசையில் நிறுத்திச் செய்யும் பின்னணி நிரல் ஒன்று, தான் தொடங்கிய நேரத்தில் 'கரண்ட்' சுட்டிய கோப்புறையைத் தன் இருப்பிடமாகப் பற்றிக்கொள்கிறது. அதன்பின் இணைப்பு எத்தனை முறை திரும்பினாலும் அந்த நிரல் பழைய இடத்திலேயே இருக்கும். ஐந்து வெளியீடுகள் கடந்து அந்தப் பழைய கோப்புறை நீக்கப்பட்டதும், அது புதிதாகத் திறக்க முயலும் கோப்புகள் கிடைக்காமல் திடீரென்று தவறத் தொடங்கும். பிழை வெளிப்படும் நாளுக்கும் அதற்குக் காரணமான நாளுக்கும் இடையே வாரங்கள் கழிந்திருப்பதால், அன்று செய்த மாற்றத்திலேயே காரணத்தைத் தேடிப் பொறியாளர்கள் அலைக்கழிவார்கள். லினக்ஸில் ஒவ்வொரு நிரலும் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதை 'ப்ராக்' என்ற சிறப்புக் கோப்புறையின் வழியாகப் பார்க்கலாம். அங்கே 'நீக்கப்பட்டது' என்ற குறிப்பு தென்பட்டால் அந்த நிரல் மறுதொடக்கம் செய்யப்படவில்லை என்பது தெளிவு.

கண்டெய்னர்களிலும் இதே சிக்கல் வேறு உருவில் தோன்றுகிறது. மென்பொருளையும் அதற்குத் தேவையான அனைத்தையும் ஒரே பொதியாகக் கட்டி, மற்றவற்றிலிருந்து பிரித்து இயக்கும் முறையே கண்டெய்னர். சர்வரில் உள்ள 'கரண்ட்' இணைப்பைக் கண்டெய்னருக்குள் பொருத்தினால், பொருத்தும் கணத்திலேயே அது சுட்டும் உண்மைக் கோப்புறை தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது; வெளியே இணைப்பைத் திருப்பினாலும் உள்ளிருப்பவர் அதை அறியமாட்டார். இணைப்பை விட்டுவிட்டு, அதற்கு மேலுள்ள தாய்க் கோப்புறையைப் பொருத்தினால் மட்டுமே மாற்றம் உள்ளே தெரியும்.

நகலெடுக்கும்போது மாறும் பொருள்

ஒரு சர்வரில் சரியாக ஓடும் தொகுப்பு மற்றொரு சர்வரில் ஓடாமல் போவதற்குப் பாதை எழுதப்பட்ட விதமும் காரணமாகிறது. வேரிலிருந்து தொடங்கும் முழுப் பாதை ஒருவகை. இணைப்பு இருக்கும் கோப்புறையிலிருந்து கணக்கிடப்படும் சார்புப் பாதை மற்றொரு வகை. தொகுப்பைக் கட்டும் கணினியின் முழுப் பாதை இணைப்பில் எழுதப்பட்டுவிட்டால், அந்தப் பாதை இல்லாத சர்வரில் அது தொங்கும் இணைப்பாக, அதாவது இலக்கு இல்லாத இணைப்பாக, நிற்கும். சார்புப் பாதையோ, இணைப்பை வேறு கோப்புறைக்கு நகர்த்தியவுடன் பொருள் மாறிப்போகும். ஒரு வெளியீட்டின் உள்ளேயே தொடங்கி உள்ளேயே முடியும் இணைப்புகளுக்குச் சார்புப் பாதையும், வெளியீட்டுக்கு வெளியே உள்ள நிலையான இடத்தைச் சுட்டுபவற்றுக்கு முழுப் பாதையும் பொருத்தமானவை.

நகலெடுக்கும் கருவிகளிடையேயும் ஒற்றுமை இல்லை. 'டார்' இணைப்பை இணைப்பாகவே பொதியில் சேர்க்கிறது. 'ஜிப்' இயல்பாக இணைப்பைப் பின்தொடர்ந்து இலக்கின் உள்ளடக்கத்தையே சேர்க்கிறது. 'ஆர்சிங்க்' தனக்குத் தரப்படும் விருப்பத்தைப் பொறுத்து இணைப்பைக் காக்கவோ, இலக்கை நகலெடுக்கவோ, இரண்டையும் செய்யாமல் தாண்டிப்போகவோ செய்யும். அலுவலகங்களில் பெரும்பாலான மேசைக் கணினிகள் விண்டோஸில் இயங்குவதால் மற்றொரு சிக்கலும் சேர்கிறது. மென்பொருளின் மூல நிரல்களைக் காக்கும் கிட் கருவி, இணைப்பு வசதி முடக்கப்பட்டுள்ள விண்டோஸ் கணினியில், இணைப்பு இருக்க வேண்டிய இடத்தில் பாதையின் பெயர் மட்டும் எழுதப்பட்ட சாதாரண உரைக் கோப்பை வைக்கிறது. அந்தக் கணினியிலிருந்து பொதியைக் கட்டி சர்வருக்கு அனுப்பினால், கோப்புறை இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை வரி உரை மட்டுமே சென்று சேரும். நிறுவலுக்கான பொதியைத் தனிநபரின் கணினியில் கட்டாமல், அதற்கெனவே ஒதுக்கிய லினக்ஸ் சர்வரில் கட்ட வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

180 நாள் பதிவுகளும் ஐந்து வெளியீடுகளும்

டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு, சுருக்கமாகச் செர்ட்-இன், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 70-பி பிரிவின் கீழ் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்தச் சிறு இணைப்புகளுக்குச் சட்ட முக்கியத்துவத்தை அளித்துள்ளன. அவ்வழிகாட்டுதல்களின்படி அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் தரவு மையங்களும் தங்கள் கணினி அமைப்புகளின் நிகழ்வுப் பதிவுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும். குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிகளின் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றை அடிப்படையாகக் கொண்ட சர்வர்களோடு, ஒத்திசைக்க வேண்டும்.

நிகழ்வுப் பதிவு என்பது, யார் எப்போது எந்தப் பக்கத்தைக் கோரினார், எந்தப் பிழை எந்த நொடியில் நேர்ந்தது என்பவற்றை நிரல் தானாக எழுதிவைக்கும் கோப்பு. ஒவ்வொரு வெளியீட்டுக் கோப்புறையிலும் இதற்கான இடம் 'ஷேர்டு' கோப்புறையைச் சுட்டும் இணைப்பாக இருக்க வேண்டும். அந்த ஓர் இணைப்பை அமைக்க நிறுவல் நிரலில் மறந்துபோனால், பதிவுகள் அந்தந்த வெளியீட்டின் உள்ளேயே எழுதப்படும். தளம் எந்தக் குறையும் இல்லாமல் இயங்கும். வாரத்துக்கு இரண்டு முறை புதிய பதிப்பை நிறுவி, ஐந்து வெளியீடுகளை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு குழுவிடம், இந்நிலையில் மூன்று வாரப் பதிவுகள்கூட மிஞ்சாது. 180 நாள் பதிவுகளைக் கேட்டு ஆணை வரும் நாளில்தான் இழப்பு தெரியவரும். அன்று அதை மீட்க வழி இருக்காது. குடிமக்கள் விண்ணப்பத்துடன் பதிவேற்றிய சான்றிதழ்களும் புகைப்படங்களும் இதே வகையில் அழியக்கூடியவை என்பதால், எந்தெந்தக் கோப்புறைகள் வெளியீடுகளைத் தாண்டி வாழ வேண்டும் என்ற பட்டியலை எழுத்தில் வைத்திருப்பதும், ஒவ்வொரு நிறுவலிலும் அவை உண்மையிலேயே இணைப்புகளாக உள்ளனவா என்று நிரலே சரிபார்ப்பதும் இன்றியமையாதவை.

கடிகாரமும் இணைப்பையே சார்ந்துள்ளது. இந்தியச் சீர் நேரத்தைப் பேணும் பொறுப்பு டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தினுடையது. அங்கிருந்து நேரத்தைச் சரியாகப் பெற்றுக்கொண்ட லினக்ஸ் கணினியும், அதை எந்த நாட்டின் வழக்கப்படி காட்ட வேண்டும் என்பதை 'லோக்கல்டைம்' என்ற இணைப்பைப் படித்தே அறிகிறது. இந்தியச் சர்வர்களில் அது பொதுவாக 'ஏசியா' கோப்புறையில் உள்ள 'கொல்கத்தா' கோப்பைச் சுட்டும். அளவைக் குறைப்பதற்காக நேர மண்டலத் தரவுகளை விட்டுவிட்டுக் கட்டப்பட்ட கண்டெய்னரில் இந்த இணைப்பு தொங்கும் இணைப்பாகிவிடுகிறது. அப்போது நிரல் பிழை எதையும் காட்டாமல் உலகப் பொது நேரத்தைப் பயன்படுத்தத் தொடங்கும். பதிவுகள் யாவும் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி எழுதப்படும். நேர மண்டலக் குறியும் இல்லாமல் பதிவுகள் எழுதப்பட்டிருந்தால், ஒரு சர்வரின் பதிவில் நள்ளிரவில் நடந்ததாகக் காணப்படும் செயலும், மற்றொன்றின் பதிவில் மாலை ஆறரை மணிக்கு நடந்ததாகக் காணப்படும் செயலும் ஒன்றே என்பதை விசாரணை செய்வோர் அறிய முடியாமல் போகும். 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டிய சூழலில் ஐந்தரை மணி நேரக் குழப்பம் எத்தகைய இடரைத் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அனுமதியும் பாதுகாப்பும்

இணைப்பு சரியான இடத்தைச் சுட்டியும் 'அனுமதி இல்லை' என்ற விடை வருவது உண்டு. லினக்ஸில் இணைப்பின் மீது காட்டப்படும் அனுமதிகளுக்குப் பொருள் இல்லை. செல்லும் வழியில் உள்ள ஒவ்வொரு கோப்புறையையும் கடக்கும் உரிமையும், இறுதி இலக்கைப் படிக்கும் உரிமையும் இணைய சர்வருக்கு இருக்க வேண்டும். அப்பாச்சி சர்வரில் இணைப்புகளைப் பின்தொடரவே கூடாது என்றோ, இணைப்பின் உரிமையாளரும் இலக்கின் உரிமையாளரும் ஒருவராக இருந்தால் மட்டும் பின்தொடரலாம் என்றோ கட்டுப்படுத்தும் அமைப்புகள் உண்டு. நிறுவல் நிரல் ஒரு பயனர் பெயரில் இணைப்பை உருவாக்க, 'ஷேர்டு' கோப்புறை வேறொருவர் பெயரில் இருந்தால் அந்தக் கட்டுப்பாடு வழியை அடைத்துவிடும். எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு இயங்கும் சர்வர்களில், இலக்குக் கோப்புறைக்கு இடப்பட்ட பாதுகாப்புக் குறியும் பொருந்த வேண்டும். அவசரத்தில் எல்லோருக்கும் எல்லா அனுமதிகளையும் திறந்துவிட்டு இக்கோளாறைச் சரிசெய்வது, சிறிய பழுதுக்குப் பெரிய ஆபத்தை விலையாகத் தருவதாகும்.

பெயரைப் பின்தொடர்ந்து செல்லும் இந்த இயல்பைத் தாக்குவோரும் நன்கு அறிவர். எவரும் எழுதக்கூடிய பொதுத் தற்காலிகக் கோப்புறையில் இணைப்பை வைத்து, உயர் அதிகாரம் கொண்ட நிரலை வேறு கோப்பின் மீது எழுதவைக்கும் தந்திரம் பழமையானது. 2012-இல் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 3.6 முதல் அதைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு கிடைக்கிறது. கிட் கருவியிலேயே, இணைப்புகளை ஏற்கும், பெயர்களில் பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பாராத கோப்பு அமைப்புகளில், தீய நோக்குடன் ஆக்கப்பட்ட மூல நிரல் தொகுப்பை நகலெடுத்தாலே அந்நிய நிரல் இயங்கிவிடும் குறை ஒன்று 2024 மே மாதத்தில் வெளியிடப்பட்டுத் திருத்தப்பட்டது. வெளியிலிருந்து பெறும் எந்தப் பொதியையும் விரிக்கும் முன், அதிலுள்ள இணைப்புகள் பொதிக்கு வெளியே உள்ள இடங்களைச் சுட்டுகின்றனவா என்று பார்ப்பது தானியங்கி நிறுவலின் கடமைகளில் ஒன்றாக வேண்டும்.

கோளாறைக் கண்டறியும் ஒழுங்கு

கோளாறு தோன்றியதும் மறுநிறுவல் செய்வதையோ சர்வரை மறுதொடக்கம் செய்வதையோ முதல் வேலையாகக் கொண்டால், தற்செயலாகப் பழுது நீங்கலாம். காரணம் மறைந்துபோய் மற்றொரு நாளில் மீண்டும் தலைதூக்கும். ஆகவே எதையும் மாற்றும் முன், 'ரீட்லிங்க்' கட்டளையால் 'கரண்ட்' இறுதியில் எந்தக் கோப்புறையில் சென்று முடிகிறது என்பதைக் கண்டு, அது எதிர்பார்த்த வெளியீடுதானா என்று ஒப்பிட வேண்டும். சரியில்லை என்றால் கோளாறு திருப்பும் கணத்தைச் சேர்ந்தது. சரியாக இருந்தும் பழைய பக்கமே வந்தால், கேஷையும் மறுதொடக்கம் செய்யப்படாத நிரல்களையும் ஐயுற வேண்டும்.

பாதையின் நடுவில் எங்கோ தடை இருப்பதாகத் தோன்றினால், 'நேம்ஐ' கட்டளை பாதையின் ஒவ்வொரு படியையும் தனி வரியில் பிரித்து, அது கோப்புறையா இணைப்பா, அதன் உரிமையாளர் யார், அனுமதி என்ன என்று காட்டும். இதை இணைய சர்வர் இயங்கும் அதே பயனர் பெயரில் இயக்கிப் பார்ப்பது பயன் தரும், ஏனெனில் நிர்வாகிக்குத் திறக்கும் கதவுகள் யாவும் அந்தப் பயனருக்குத் திறப்பதில்லை. கண்டெய்னர் உள்ள இடங்களில் அதே சோதனையைக் கண்டெய்னருக்கு உள்ளேயும் வெளியேயும் செய்து, இரு விடைகளையும் ஒப்பிட வேண்டும். வெளியீட்டுக் கோப்புறையில் உள்ள தொங்கும் இணைப்புகள் அனைத்தையும் 'ஃபைண்ட்' கட்டளையே பட்டியலிட்டுத் தரும். ஓர் இணைப்பு மற்றொன்றையும் அது மீண்டும் முதலாவதையும் சுட்டிச் சுழலாக அமைந்துவிட்டால், லினக்ஸ் கெர்னல் 40 இணைப்புகளுக்கு மேல் பின்தொடராமல் நின்று, இணைப்பு அடுக்குகள் மிகுந்துவிட்டன என்று பிழை தெரிவிக்கும். அந்தச் செய்தியைக் கண்டதும் எல்லையை உயர்த்த வழி தேடாமல் சுழலைத் தேடுவதே முறை.

கண்டறிந்த காரணத்தை அடுத்த நிறுவலில் நிரலே சோதிக்குமாறு எழுதிவைக்கும்போதுதான் பழுதுபார்த்தல் முழுமை பெறுகிறது. திருப்பும் முன் புதிய வெளியீட்டில் தொங்கும் இணைப்பு எதுவும் இல்லை என்றும், நிலைத்திருக்க வேண்டிய கோப்புறைகள் 'ஷேர்டு' இடத்தையே சுட்டுகின்றன என்றும் உறுதிசெய்தல். இடைவெளியற்ற பெயர் மாற்றத்தால் திருப்புதல். திருப்பிய பின், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளிடமே அதன் வெளியீட்டு எண்ணைக் கேட்டுப் பெற்று ஒப்பிடுதல். பின்னணி நிரல்களை மறுதொடக்கம் செய்தல். எந்த நிரலும் பற்றியிருக்காத பழைய வெளியீடுகளை மட்டும் நீக்குதல் என இந்தச் சோதனைகள் சில வரிகளில் எழுதத் தக்கவை. இரண்டாம் முறை நிறுவுவதையும், முந்தைய பதிப்புக்குத் திரும்புவதையும் சோதனைச் சர்வரில் கட்டாயம் ஒத்திகை பார்க்க வேண்டும். முதன்முறை நிறுவலின் வெற்றி இவ்விரண்டைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

மத்திய அரசு தன் மென்பொருள்களின் மூல நிரல்களைத் துறைகளிடையே பகிர்ந்துகொள்வதற்கான கொள்கையை 2015-இல் வகுத்து, ஓப்பன்ஃபோர்ஜ் என்ற பொதுக் களத்தையும் அமைத்துள்ளது. மூல நிரலைப் பகிர்வதுபோலவே, அதைச் சர்வரில் அமர்த்தும் நிறுவல் நிரல்களையும் அவற்றில் சேர்க்கப்பட்ட சோதனைகளையும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் வளர்ந்தால், ஒரு துறையின் பொறியாளர்கள் பட்டு அறிந்ததை மற்றொரு துறை பட்டு அறிய வேண்டிய தேவை குறையும். பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் நிரல் எழுதக் கற்றுத்தருவதோடு, எழுதிய நிரலை ஓடும் சர்வரில் பாதுகாப்பாக மாற்றிவைக்கும் கலையையும் கற்றுத்தர வேண்டும். ஓய்வூதியம் பெறும் முதியவரும் தேர்வு முடிவைத் தேடும் மாணவியும் திறக்கும் முகவரிக்குப் பின்னால் இருப்பது மாற்றத்தக்க ஒரு பெயர்தான் என்பதால், அந்தப் பெயர் எதைச் சுட்டுகிறது என்று ஒவ்வொரு வெளியீட்டிலும் சோதித்தறிவது பொதுச் சேவையை நடத்துவோரின் அன்றாடக் கடமையாக வேண்டும்.